யாரும் காணாத இடம்

மக்கள் ஓரூரினின்று மற்றோரூர்க்குச் செல்லுஞ் செலவு பலதிறப்படும். பொருளீட்டச் செல்வாரும், கல்வி கருதிச் செல்வாரும், உற்றாரைக் காணச் செல்வாரும், இறைவன் திருக்கோயில்களை வழிபடச் செல்வாரும் என்றும் உளர். இவற்றுள் ஒன்றினும் அடங்காது, காண்டல் ஒன்றே கருதிச் செல்லுஞ் செலவு இக்காலத்தில் மிகப் பெருகியுள்ளது. அவ்வாறு செல்வாருள்ளும் ஒருசாரார், பலரும் செல்லும் ஊர்களை இகழ்ந்து, பிறர் வந்து கெடுக்காத இடம் எங்குளது எனத் தேடித் திரிகின்றனர். அத்தகைய இடமே மெய்யான இடம் என்றும், கூட்டம் புகுந்த இடம் தன் உண்மையை இழந்தது என்றும் அவர் கருதுகின்றனர். மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இக்கருத்து உயர்ந்ததொரு சுவையுணர்வு போலத் தோன்றும். அதன்கண் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பது ஈண்டுச் சித்தாந்த நெறிநின்று ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடமாக விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியைக் கொள்ளலாம். திண்டிவனத்தினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் ஒருங்கே வளைத்து நிற்பது அவ்வூர்க் கோட்டை. அவற்றுள் இராசகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுடையது. நாயக்கர் காலத்திற் பெருகி வளர்ந்த இக்கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மைந்தர் இராசாராமைப் பிடித்தற்பொருட்டு வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இதனை முற்றியிருந்தது. தேசிங்குராசன் 1714இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கொண்டனர். இங்ஙனம் ஒருவர்பின் ஒருவராக "எனது, எனது" என்று வந்தார் அனைவரும் சென்றொழிய, குன்றுகள் மூன்றுமே எஞ்சி நிற்கின்றன.

படைகள் நீங்கிய பின்னர், திருவண்ணாமலைக்குச் செல்வார் பலர் வண்டியிலிருந்தே நோக்கிக் கடந்துபோகும் ஊராகச் செஞ்சி நெடுங்காலம் இருந்தது. ஆரவாரமற்ற இடந்தேடுவார்க்கு அஃது உவப்பாயிற்று. இந்நிலையில், 2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள், பாரிசு நகரிற் கூடிய யுனெஸ்கோ உலக மரபுரிமைக் குழு, மராட்டியர் படைநிலைகளாக விளங்கிய 12 கோட்டைகளை ஒருங்கே உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றுட் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இதுகேட்டு மகிழ்வார் பலர். இனி அவ்விடமும் கூட்டத்தாற் கெடும் என்று வருந்துவாரும் இருப்பர். அவ்வருத்தம் அறத்தின்பாற்பட்டதா, ஆணவத்தின்பாற்பட்டதா என்பதே வினா.

முதற்கண், "யாரும் காணாத இடம்" என்னுஞ் சொல்லின் பொருளை நோக்குக. இராசகிரியின்மேல் கமலக்கண்ணியம்மன் கோயில் உள்ளது. சித்திரைத் திங்களில் அவ்வம்மைக்கு விழா எடுக்குங்கால் சுற்றூர் மக்கள் திரண்டு மலையேறுவர். செஞ்சிக்கு வடக்கே சிறிது தொலைவில் திருநாதர்குன்று என்னும் பாறைக்குன்று ஒன்றுளது. அதன்கண் சமணர் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர்நீத்த செய்தியை ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. அஃது ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முற்பட்டது. அவர் கொண்ட சமயம் வேறாயினும், அவர் அவ்விடத்தை அறிந்த அறிவு காட்சி விரும்பிச் செல்வார் ஒரு பகற்பொழுதில் அறியும் அறிவினும் ஆழமுடையது என்பதில் ஐயமில்லை.

இவ்வாறு தவத்தோர் உயிர்விட்ட குன்றினையும், உழவரும் ஆடுமேய்ப்பாரும் நாள்தோறும் நடந்து தேய்த்த வழியினையும் "யாரும் காணாதன" என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அங்ஙனங் கூறுவார் தம்மை ஒத்தாரை மட்டுமே "யாரும்" என்னுஞ் சொல்லுள் அடக்குகின்றனர்; அவ்வூர் மக்களை அச்சொல்லினின்று புறத்தே நிறுத்துகின்றனர். ஓர் இடத்தின் தூய்மையைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு அவ்விடத்து வாழ்வாரை எண்ணாதொழிதல், அறியாது செய்யினும் குற்றமேயாம்.

இக்குற்றம் எதனான் நிகழ்கின்றது? சித்தாந்தம் இதற்கு விடை கூறும். புறவிருள் ஏனைப் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். உமாபதிசிவனார் திருவருட்பயனில் விளக்கிய உண்மை இது. கூட்டத்தை வெறுத்து மலையேறுவான் ஒருவன் பிறர் பலரையும் கூட்டமாகக் காண்கின்றான். தானும் அக்கூட்டத்துள் ஒருவன் என்பதை மட்டும் காண்கின்றிலன். பிறர் கால்பட்ட இடம் கெடும் எனின், தன் கால்பட்டபோதே அது கெட்டிருத்தல் வேண்டுமன்றோ? தன் வரவினை நீக்கி ஏனையோர் வரவினையே குற்றமாக எண்ணுதல், "யான்" என்பதும் "எனது" என்பதும் ஒருங்கே செய்யும் மயக்கமாம்.

கோட்டைச் சுவரிலே தன் பெயரைக் கீறிவைப்பான் ஒருவனை அனைவரும் இகழ்வர். அவ்விடம் தனக்கே உரியதாய், பிறர் அறியாததாய் இருத்தல் வேண்டும் என்று விழைவானும் அவனுக்கு இனமானவனே. முன்னவன் தன் பெயரைக் கல்லில் எழுதினான். பின்னவன் அதனை உள்ளத்தில் எழுதினான். கல்லிற்குத் தீங்கு செய்தமையால் முன்னவன் குற்றம் பெரிது. ஆயினும் இருவர்க்கும் நோயின் வேர் ஒன்றேயாம்.

ஈண்டு ஒரு தடை நிகழும். "கூட்டத்தால் விளையுங் கேடு பொய்யன்று. நெகிழிக் குப்பை மலிகின்றது, பழஞ்சுவர்கள் சிதைகின்றன, ஊரார் வாழ்வு குலைகின்றது. மேலும், தனித்திருத்தலைப் பெரியோர் அனைவரும் உயர்த்துக் கூறினர். ஆதலின் ஆளற்ற இடத்தை நாடுதல் யாங்ஙனம் குற்றமாம்?" என்பது அத்தடை.

அதற்கு விடை வருமாறு: கேடு விளைதல் உண்மையே. அதனைத் தடுத்தல் அரசினர்க்கும் செல்வார்க்கும் ஒப்பக் கடனாம். எத்துணைப் பேர் ஒருநாளில் ஏறலாம் என வரையறுத்தல் வேண்டின், அதுவும் தக்கதே. ஆயின் அவ்வரையறை கல்லையும் ஊரையும் காத்தற்பொருட்டு ஆதல் வேண்டுமேயன்றி, முன்வந்தார் சிலரது இன்பத்தைக் காத்தற்பொருட்டு ஆதல் கூடாது. காவலை விரும்புவான் தன்மேலும் அதனை ஏற்பான். தனியுடைமை விரும்புவான் பிறர்மேல் மட்டுமே சுமத்துவான். இவ்விருவரையும் பிரித்தறிதற்கு இதுவே வழி.

இனித் தனிமையைக் குறித்து ஆராய்வாம் எனின், பெரியோர் உயர்த்துக் கூறிய தனிமை பிறரை விலக்கிப் பெறுவதன்று. தன் உள்ளத்தின் சிதறலை விலக்கிப் பெறுவது. செஞ்சிக்கு அணித்தாகிய திருவண்ணாமலையிலேயே இதற்குச் சான்றுண்டு. இரமண மகரிஷி 1896இல் இளைஞராய் அங்கு வந்து, 1950இல் உடல்நீங்குங்காறும் அவ்வூரை விட்டு அகன்றிலர். குகையில் அவர் தனித்திருந்த நாளும் உண்டு. பன்னாட்டு மக்களும் வந்து அவரைச் சூழ்ந்திருந்த நாளும் உண்டு. கூட்டம் வந்ததென்று அவர் ஆளில்லாத வேறொரு மலையைத் தேடிப் போயினாரல்லர். அவரது மௌனம் இடத்தைச் சார்ந்ததன்று ஆதலின், கூட்டத்தால் அது குன்றிற்றிலது.

இனி, ஆளற்றிருத்தலே ஓரிடத்திற்குத் தூய்மை தரும் என்னுங் கொள்கையை வேறொரு வகையானும் ஆராய்தல் தகும். செஞ்சியினின்று விழுப்புரம் செல்லும் வழியை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி, அயன், ஈசன், அரி மூவர்க்கும் குடைவித்த கோயில் இது என மகேந்திரவர்மப் பல்லவன் அங்குக் கல்லிற் பொறித்துள்ளான். திருநாவுக்கரசரால் சைவஞ் சார்ந்த பல்லவ மன்னன் இவனே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அக்குடைவரையின் மூன்று அறைகளும் இன்று வெறுமையாய் உள்ளன. செஞ்சிக் கோட்டைக்குட்பட்ட வேங்கடரமணர் கோயிலும் பெருங்கோபுரமும் சிற்பங்களும் உடையதாயிருந்தும் நாள்வழிபாடின்றி நிற்கின்றது. செஞ்சியினின்று பெயர்த்துச் செல்லப்பட்ட தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்பதைக் காணலாம்.

இவ்விடங்களில் நிலவும் அமைதியைக் கண்டு, "என்னே இதன் தூய்மை!" என வியப்பார் ஒன்றை மறந்தனர். அவ்வமைதி விளக்கு அணைந்தமையால் வந்த அமைதி. வருவார் நின்றமையால் வந்த வெறுமை. கட்டுவித்தான் அதனைக் கூட்டத்தின்பொருட்டே கட்டுவித்தான். திருக்கோயில் ஆளற்றிருத்தல் அதன் மெய்ந்நிலை அன்று, அதன் துயர்நிலையாம். அத்துயரைச் சுவைப்பொருளாகக் கொள்ளுதல் அன்புடையார் செயலாகாது.

இதற்கு மறுதலையாய் மேல்மலையனூரை நோக்குக. அதுவும் செஞ்சியை அடுத்த ஊரே. அமாவாசைதோறும் இரவில் அங்காளம்மையை வழிபடப் பல்லாயிரவர் அங்குக் கூடுகின்றனர். நெருக்கம் உண்டு, உடல்வருத்தம் உண்டு. கூட்டமெல்லாம் அடியார் கூட்டம் ஆகிவிடாது என்பதும் உண்மை. ஆயினும் அன்புடன் சென்றான் ஒருவன், பிறர் பலரும் வந்தமையால் அம்மை அருள் தனக்குக் குறைந்தது என எண்ணுவதில்லை. பலரும் கூடித் தொழுதலால் தன் அன்பு பெருகக் காண்கின்றான். பகிரக் குறைவது போகம். பகிரப் பெருகுவது அருள். அடியாரோடு கூடுதலையும், அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுதலையும் சிவஞானபோதம் தன் இறுதிச் சூத்திரத்தில் வைத்துணர்த்தியது இவ்வுண்மை பற்றியேயாம். நாயன்மார்கள் தாம் கண்ட தலத்தின் பெயரை மறைத்திலர். பதிகம் பாடி உலகிற்கு அறிவித்தனர். பலரும் வந்து தொழப்படுதலே தலத்திற்குப் பெருமை என்பது அவர் கருத்து.

"இக்காலத்தார் படம் எடுத்து உலகிற்கு அறிவிப்பதும் அத்தகையதேயோ?" எனின், அன்று. பதிகத்தில் நடுநின்றவன் இறைவன். இப்படங்கள் பலவற்றின் நடுநிற்பவன் எடுத்தவனே. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. செருக்கைச் சார்ந்து சென்றான் செருக்கையே கண்டு மீள்வான். அன்பைச் சார்ந்து சென்றான் அன்பையே கண்டு மீள்வான். இடம் இருவர்க்கும் ஒன்றே. கண்ட பொருள் வேறு.

இதனைத் தெளிவிப்பன பெரியபுராணத்து வரலாறுகள் இரண்டு. மானுடர் எய்தற்கரிய கயிலையைக் காண விழைந்த திருநாவுக்கரசர், கால் தேயவும் கை தேயவும் மார்பினாலும் உருண்டும் சென்றார். உலகில் யாரும் காணாத இடம் என ஒன்று உண்டாயின் அஃதன்றோ! ஆயினும் இறைவன் அவரை அங்கு ஏற்றிலன். ஒரு பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்தான். காவிரிக்கரையில், உழவரும் வணிகரும் நிறைந்த அவ்வூரில், களிறும் பிடியுமாகவும் சேவலும் பேடையுமாகவும் வந்த உயிர்களிடத்தே கயிலைக்காட்சி அவர்க்குக் கிட்டிற்று. தலையால் நடந்து கயிலை சென்ற காரைக்காலம்மையாரையும் இறைவன் திருவாலங்காட்டிற்கே அனுப்பி, ஆங்குத் தன் திருக்கூத்தைக் காணச் செய்தான்.

எல்லார்க்கும் எட்டாத இடத்தை நாடிய இருவரும் எல்லாரும் செல்லும் தமிழ்நாட்டு ஊர்களுக்கே திருப்பப்பட்டனர். அவர் கண்ட புதுமை இடத்தின் புதுமை அன்று. அருளே கண்ணாகப் பெற்ற காட்சியின் புதுமை. கண் காணுமாறு உயிர் காட்டுதல்போல, உயிர் காணுமாறு இறைவன் காட்டுவான் என்பது சித்தாந்தம். அக்காட்சி வாயாதவழி உலகின் கடைக்கோடி சென்றும் பயனில்லை. வாய்த்தவழித் தன் ஊர்க் குளக்கரையும் காணாத இடமேயாம்.

ஆகவே, செஞ்சிக்குச் செல்வார் செல்க. கமலக்கண்ணியைக் கண்டு கைதொழுக. ஊராரை வேடிக்கைப் பொருளாக நோக்காது, வீட்டிற்குரியார் முன் விருந்தினர்போல் ஒழுகுக. மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை முதலிய பல்லவர் கோயில்களுக்குஞ் சென்று, அவற்றை எழுப்பினாரை நன்றியுடன் நினைக. அப்பரடிகள் கையில் ஏந்தியது உழவாரம். தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடங்களிற் கல்லை அசைத்தலும் செடியைப் பெயர்த்தலும் தாமே செய்தற்குரியன அல்ல. ஆயினும் பிறர் எறிந்த குப்பையைக் குனிந்து எடுத்து வருதலை யாரும் தடுப்பதில்லை. அதுவும் உழவாரத் தொண்டின் ஒரு கூறே.

இராசகிரியின் உச்சியிலே காலைப்பொழுதில் ஒருவன் தனித்து நிற்குங்கால், கீழ்ப்படிகளில் அயலார் சிலர் ஏறிவரும் அரவம் கேட்கலாம். அப்போது அவன் உள்ளம் சுருங்குமாயின், அவன் அம்மலையைத் தன் உடைமையாகக் கொள்ள ஏறினான் என்பது தெளிவு. சுல்தானும் நவாபும் செய்ததையே அவன் படையின்றிச் செய்தான். களைத்து வருவார்க்கு நிழலிடம் விட்டு ஒதுங்கி, "வருக" எனக் கூறும் அன்பு அவனுக்கு உண்டாயின், அவன் காணவந்ததைக் கண்டவனாவான். அவ்வன்பே சிவம்.

திருச்சிற்றம்பலம்