'கமிட்' என்ற வினை

ஆங்கிலத்தில் கொலையை, களவை, பாவத்தைக் 'கமிட்' பண்ணலாம். ஓர் உபகாரத்தைக் 'கமிட்' பண்ண முடியாது. தீர்ப்பு வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் மூலத்துக்கு ஒன்றுசேர்த்தல், ஒப்படைத்தல் என்று பொருள். குற்றமிழைத்தல் என்ற பொருளும் லத்தீனிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. கைதியைச் சிறைக்கும் பிணத்தை மண்ணுக்கும் செய்யுளை மனத்துக்கும் ஒப்படைப்பதற்கு இன்றும் இதே சொல்தான்.

நம் சிறுபத்திரிகைகளில் அடிபட்ட 'கமிட்மெண்ட்' இதன் வாரிசு. ஆனால் சார்த்தர் 1947இல் பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல்லின் வேர் அடகு. அடகு வைத்தவனுக்கு மீட்டுக்கொள்ளலாம் என்ற நப்பாசையாவது உண்டு. (இந்த வித்தியாசம் பற்றி இங்கு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.)

தற்கொலைக்கும் இந்த வினையே. இங்கிலாந்தில் 1961 வரை அது சட்டப்படி குற்றம். சட்டம் போயிற்று, வினை தங்கிவிட்டது. இன்று அதைத் தவிர்க்கச் சொல்கிறவர்களை வெறும் நாசூக்குக்காரர்கள் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பதில் சொல்ல முடியாதவன்மேல் ஒரு சொல் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது.

தமிழில் 'செய்துகொண்டான்' என்கிறோம். 'செய்' நிரபராதி. ஆனால் அதற்கு முன்னால் 'கொலை' நிற்கிறது. 'உயிரை மாய்த்துக்கொண்டான்' என்றால் கொலை மறைகிறது. அவனை அதுவரை துரத்தியவர்கள் இருந்தால், அவர்களும் கூடவே மறைந்துவிடுகிறார்கள்.