காலண்டரில் வராத வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஆசீர்வாதம், பெருக்கம், பாதுகாப்பு என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். நாற்பது வருஷமாக வாங்குகிறேன். உபாகமம் 25-ஆம் அதிகாரத்தின் எடைக்கல் வசனம் ஒருமுறைகூட என் கைக்கு வந்ததில்லை. தினம் கிழிக்கும் காலண்டரிலும் அதை நான் பார்த்ததில்லை. பெரிதாக ஒரு கல், சிறிதாக ஒரு கல் என்று பையில் இரண்டு வைத்திருக்காதே என்கிறது அந்தப் பகுதி.

இளவயதில் ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதினேன். குச்சிக்கிழங்கு லோடு வந்ததும் எடை போடுவார்கள். பிறகு மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு கூடக்கூடக் கிழங்கின் அடர்த்தி கூடும், தண்ணீருக்குள் எடை நிற்கும். அதை வைத்துத்தான் பாயிண்ட், பாயிண்டை வைத்துத்தான் விலை. பத்து மாதம் காட்டில் கிடந்த உழைப்புக்கு அந்த ஒரு எண்தான் கூலி.

ஒரு நாள் விடியற்காலை வாசிப்பில் அந்த எடைக்கல் பகுதி வந்தது. வாசித்தேன், முழங்கால் போட்டு ஜெபித்தேன், சைக்கிளில் ஆலைக்குப் போனேன். அன்று ஒரு பெரியவரின் லோடுக்கு ஒன்றரைப் பாயிண்ட் குறைத்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அவர் சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நல்லாப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தாச்சுங்க" என்றேன்.

காலையில் வாசித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்பது இரவு படுக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. பொய் எழுதியதைவிட இதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. துக்கத்தில் ஆறுதல் வசனம் வேண்டும். அம்மா இறந்த வாரம் 23-ஆம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன். ஆனால் ஆறுதலை மட்டும் பொறுக்கி எடுத்து வாசிக்கிறவன் வேதத்திலும் இரண்டு கல் வைத்திருக்கிறான்.

வாசித்ததோடு நிற்காமல் அதைச் செய்தவர்களும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி ஈவ்லின், மிஷனிலிருந்து ஓய்வு பெற்றபின், எழுபதை நெருங்கும் வயதில் மலைக்கே திரும்பி வந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த டாக்டர் பால் பிராண்டின் தாயார் இவர். அந்நாளில் மலையில் நரம்புச்சிலந்தி நோய் இருந்தது. புழு உள்ள காலோடு கிணற்றுக்குள் இறங்கினால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். குடித்தவர் காலில் ஒரு வருஷம் கழித்துப் புழு தலைகாட்டும். யாரும் காலை நனைக்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லி அந்த அம்மாள் ஊர் ஊராகப் பாடுபட்டார். 1974-ல், 95 வயதில், இறந்தார்.

ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி இயேசு பேசிய இடத்துக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தக் கிணற்றுச் சுவரைப் போல எனக்கு எதுவும் அதை விளக்கியதில்லை.

அந்த ஆலையை விட்டு வெளியேறி நாலு வருஷம் கழித்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. பெரியவரின் ஊர் ஞாபகம் இருந்தது. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பகுதியை மனதில் வைத்து, கணக்குப் போட்டு, நாலு மடங்கு பணத்தோடு போனேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அவர் வேதம் வாசிக்கிறவர் அல்ல. வீட்டு முகப்பில் முருகன் படம் மாட்டியிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அன்றைய பாயிண்ட் விலையைக் கேட்டார், விரல்விட்டு எண்ணினார், அன்று குறைத்த தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் திருப்பி வைத்தார்.