சகோதரியைத் தேர்ந்தெடுப்பது

கூடப் பிறந்தவளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் சொராரிட்டி என்னும் மாணவியர் சங்கங்களோ, சேர விரும்பி வருகிறவர்களை எடைபோட்டு, சிலரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மீதிப் பேரைச் சகோதரி என்று அழைக்கின்றன. அந்த உறவுக்கு அந்தப் பெயர் தகுமா?

இவற்றின் தொடக்கத்தில் நியாயம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆண்களின் கல்லூரிகளில் கால்வைத்த ஒருசில பெண்களுக்கு ஆண்களின் சங்கங்களில் இடமில்லை. 1870இல் இந்தியானாவில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா தீட்டா போன்றவை அப்படிப் பிறந்தவை. கிரேக்க எழுத்துப் பெயர், இரகசியச் சடங்கு, ஆயுள்கால உறுப்பினர் உரிமை என்று ஆண்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றோடு, ஆள் பார்த்துத் திறக்கும் கதவும் வந்து சேர்ந்தது. அந்தக் கதவு கறுப்பினப் பெண்களுக்குத் திறக்கவில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் வெள்ளையினச் சங்கங்கள் கறுப்பின மாணவியரை நிறத்துக்காகவே ஒதுக்கியதை அங்குள்ள மாணவர் நாளிதழ் அம்பலப்படுத்தியது 2013இல்தான்.

வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உருவானது. கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி அது. (கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர் என்பதால் நம்மில் பலர் செய்தித்தாளில் அந்தப் பெயரைப் படித்திருப்போம்.) பெயரையும் சின்னங்களையும் மாற்றி, பொதுவாழ்வில் இன்னும் தீவிரமாக இறங்க விரும்பிய 22 பேர் 1913 ஜனவரியில் பிரிந்து டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். மார்ச் 3 அன்று பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்ததுதான் அவர்களுடைய முதல் பொதுச் செயல். பேரணியை நடத்திய வெள்ளையினப் பெண்கள் கறுப்பினப் பெண்களைக் கடைசியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஐடா பி. வெல்ஸ் அதை மறுத்து, இல்லினாய் அணியின் நடுவே வந்து சேர்ந்துகொண்டார். எல்லாப் பெண்களும் சகோதரிகள் என்று பேசிய பேரணியில் நடந்தது இது. அதைப் பார்க்கும்போது, தங்களுக்கென்று ஒரு வீடும் அதற்கொரு கதவும் வேண்டுமென்று அந்த 22 பேர் நினைத்ததை என்னால் குறைசொல்ல முடியவில்லை. வெளியே தள்ளப்பட்டவள் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாளும் தள்ளியவள் போடும் தாழ்ப்பாளும் ஒன்றல்ல.

எனக்கு உறுத்துவது உள்ளே நடந்தது. 'பிளெட்ஜிங்' என்ற பெயரில், சேர வந்தவள் வாரக்கணக்கில் மூத்தவர்களின் ஏவலுக்கு ஆட்பட வேண்டியிருந்தது. தூக்கம் கெடுவது, அவமானப்படுவது, சில இடங்களில் அடிபடுவதும்கூட. அத்தனையையும் தாங்கினால்தான் அவள் சகோதரி. நாங்களும் பட்டுத்தானே வந்தோம் என்பது மூத்தவர்களின் நியாயம். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் வீடுகளில் நாம் கேட்டு வளர்ந்த அதே பேச்சு. ஒதுக்கலின் வலி தெரிந்தவர்கள் நடத்திய வீட்டிலும் அது புழங்கியது.

1990இல் கறுப்பினச் சங்கங்கள் கூடி அந்த முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டன. அப்போது சில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். கஷ்டப்படாமல் உள்ளே வருகிறவளுக்குச் சங்கத்தின் மேல் என்ன பற்று இருக்கும் என்று கேட்டார்கள். மறைவில் அது தொடர்ந்ததை, பின்னர் இடைநீக்கம் செய்யப்பட்ட கிளைகள் காட்டின.