நண்டின் நோவு

அக்கரைப்பற்றுக் கரையோரத்திலே உயிர்நண்டைக் கொதிநீரில் இடுங்கால் அது துடிப்பதைக் கண்டிருக்கின்றோம். அத்துடிப்பு நோவா, வெறும் அனிச்சைச் செயலா?

தொல்காப்பிய மரபியல் நண்டுக்கு நான்கறிவு உண்டென வகுத்தது. அவ்வறிவு உறையும் இடத்தை இன்றைய உயிரியல் தேடுகின்றது. சொறிமீனுக்கு மூளையில்லை, நரம்புகள் வலைபோற் பரந்துள்ளன. நண்டுக்குக் கண்களின் பின்னே சிறு மூளையும் மார்பிலே பெரிய நரம்புத்திரட்டும் உள. பேய்க்கணவாயின் ஏறத்தாழ 50 கோடி நரம்புக் கலங்களுள் மூன்றிலிரண்டு பங்கு அதன் கைகளிலேயே உள்ளது. நமக்கும் இவற்றுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வழி வேறாகவே அமைப்பும் வேறாயிற்று. ஆகவே, நம் மூளையின் சாயல் இல்லாமையால் நோவும் இல்லையென முடிப்பது தருக்கமாகாது.

2009இல் பெல்பாஸ்ட் ஆய்வாளர், சங்குகளிற் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தனர். விருப்பமற்ற சங்கில் இருந்தவை எளிதில் வெளியேறின. விரும்பிய சங்கில் இருந்தவையோ பொறுத்திருந்தன. வெறும் அனிச்சை இவ்வாறு நிறுத்துப் பார்ப்பதில்லை. 2022இல் நிறைவேறிய பிரித்தானியச் சட்டம் நண்டு, இறால், கணவாய் முதலியவற்றை உணர்வுடைய உயிர்களாக ஏற்றது.

ஐயம் முற்றாக நீங்கவில்லை என்பது மெய்யே. ஆயின், ஐயத்தின் பயன் யாருக்குரியது? இரக்கங்காட்டித் தவறினால் நாம் இழப்பது சிறிது நேரமே. இரங்காது தவறினால் நண்டு அடைவது பெருந்துயர். உண்ணலாகாது என்பதன்று நம் வாதம். கொதிநீருக்குமுன் விரைந்து கொல்லுதல் நம் கடன் என்பதே.