மலை யாருக்கு?



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் நம் வாலிபர் ஒருவர் என்னை வழிமறித்துக் கேட்டார்: "சுவாமி, கார் என் உழைப்பில் வாங்கியது. பெட்ரோல் என் பணத்தில் போட்டது. அதில் நான் கொடைக்கானலுக்குப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அது பாவமென்று எங்கே எழுதியிருக்கிறது?"

இவ்வருடம் மலைக்குப் போவதானால் அரசு பஸ்ஸில்தான் போக வேண்டுமென்று வாலிபர் சபைக் கூட்டத்தில் நான் சொல்லியிருந்தேன். அவருக்கு அதில் கோபம். கோவில் வாசற்படியில் நின்றபடியே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியல்ல அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். காரில் மலைக்குப் போவது பாவமல்ல. நானே போயிருக்கிறேன். 2023 மே மாதத்தில் அன்பர் ஒருவர் தம் காரில் அழைத்துப் போனார். காருக்குள் நாங்கள் மூன்று பேர், ஒரு கூடைப் பலகாரம். செண்பகனூரைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். எங்களுக்குச் சற்று முன்னால் ஓர் அரசு பஸ் அகப்பட்டுக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் கழிந்தபின் அதிலிருந்து ஒரு தாய் இறங்கினாள். அவள் தோளில் காய்ச்சலில் துவண்ட குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் என்று கண்டக்டர் சொன்னார். கார்களுக்கிடையே வழி தேடிக்கொண்டு அவள் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். காரில் ஏற்றிக்கொள்ளலாமென்றால் எங்கள் காரும் நகரவில்லையே!

அவளுக்கு நாங்கள் ஒரு தீங்கும் நினைக்கவில்லை. ஆயினும் அவள் வழியை அடைத்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். அன்றுமுதல் இந்தக் கேள்வி என் மனச்சாட்சியைக் குடைந்துகொண்டே இருக்கிறது. யாரும் கெட்டவரல்ல, எல்லோரும் சேர்ந்து செய்தது மட்டும் கெடுதலாய் முடிந்தது. இதற்கு யார் பொறுப்பு?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே சொத்துரிமையைப் பற்றிப் பேசும்போது இரண்டு காரியங்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு பொருளைச் சம்பாதித்து நிர்வகிப்பது ஒன்று. அதை அனுபவிப்பது மற்றொன்று. முதலாவதில் இது என்னுடையது என்று சொல்வது நியாயமே. இரண்டாவதிலோ அதைப் பொதுவானதாக எண்ணி, தேவைப்பட்டவனுக்கு இடங்கொடுக்க மனமுள்ளவனாயிருக்க வேண்டும் என்பது அவர் போதனை. நம் வாலிபரின் கேள்விக்கு இதை வைத்துப் பார்ப்போம். கார் அவருடையது, மறுப்பில்லை. மலைப்பாதை அவருடையதா? கொண்டை ஊசி வளைவில் கார் பிடித்துக்கொள்ளும் இடம் அவருடையதா? மேலே நாம் தேடிப்போகும் குளிர்ந்த காற்றும் மேகமும் யார் பணத்தில் வாங்கியவை?

கணக்கு எளிது. ஒரு பஸ்ஸில் ஏறக்குறைய ஐம்பது பேர் உட்காரலாம். அதே ஐம்பது பேர் நாலு நாலு பேராகக் காரில் வந்தால் பதின்மூன்று கார்கள் வேண்டும். நாங்கள் வந்ததுபோல் மூன்று மூன்று பேராக வந்தால் பதினேழு. இந்த நெருக்கடி கோர்ட்டு வரை போய்விட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். அரசு பஸ்ஸுக்கு அந்த வரம்பு கிடையாது. கோர்ட்டு சொல்லித்தானா நாம் இதை யோசிக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

நிற்க. பழைய கதை ஒன்று உண்டு. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறத் தொடங்கினார்கள். பின்னர் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அந்த ஸ்டேஷனைத்தான் இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கிருந்து இரவு முழுதும் மாட்டு வண்டியில் பிரயாணம். பெரியகுளத்தருகே மலையடிவாரத்தில் இறங்கி, முடிந்தவர்கள் நடந்தார்கள். குதிரை உள்ளவர்கள் குதிரையில் ஏறினார்கள். சிலரோ நாற்காலியில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினார்கள். மோட்டார் சாலை வந்து, அதில் பஸ் ஓடத் தொடங்கியபின்தான் கையில் சில்லறை மட்டும் உள்ளவனும் மேலே போய் ஒரு பொழுது நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றாயிற்று. நாற்காலியில் போனவருக்குத் தம்மைச் சுமப்பவனின் மூச்சாவது காதில் கேட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் போகிற நமக்கு அதுவும் கேட்பதில்லை.

நம் பங்கில் மல்லிகைப் பூப் பறிக்கும் ஒரு தாய் இருக்கிறார். மேற்கே அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் அறுபது வருடமாகப் பூப் பறிக்கிறார். ஒருமுறையும் ஏறினதில்லை. "மலை காசுள்ளவங்களுக்குத்தானே சுவாமி?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வெயில் சுடும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். வாலிபரின் கேள்வியைக் காட்டிலும் எனக்கு இதுதான் உறுத்துகிறது. சர்வேசுரன் அழகைச் சிருஷ்டித்தபோது டிக்கெட் போட்டு வைக்கவில்லை. ஏழைக்குச் சோறு போதும், காட்சி எதற்கு என்று எண்ணுவது அவன் ஆத்துமத்தையே பாதியாக்குவதாகும்.

பஸ்ஸில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டம் உண்டு. வளைவுகளில் வாந்தி உண்டு. எனக்கே உண்டு, எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் ஏறுவதில்லை. நடக்க முடியாத முதியவரையும் கைக்குழந்தையையும் காரில் கூட்டிப் போகிறவரை யாரும் குறை சொல்லக்கூடாது. கார் உண்டானதே அப்படிப்பட்டவர்களுக்கு உதவத்தான். ஆனால் கைகால் திடமாயிருக்கிற நமக்கு, பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து நடப்பது நஷ்டமன்று. பெருமாள்மலை நிறுத்தத்தில் இறங்கினாலே சிகரம் எதிரே நிற்கிறது. செண்பகனூரில் சேசு சபைக் குருக்கள் 1895-ல் நிறுவிய திருஇருதயக் கல்லூரியின் இயற்கைப் பொருட்காட்சியைப் பார்க்கலாம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோக்கர்ஸ் வாக் நடை தூரம்தான். 1872-ல் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட ஒரு கிலோமீட்டர் பாதை. அதற்கு மேல் 1866-ல் கட்டிய சலேத் மாதா கோவில் இருக்கிறது. பூம்பாறை பஸ்ஸில் ஏறினால் பூண்டு மூட்டைகளோடு மலை ஜனங்களும் வருவார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மலையைப் பற்றி எந்த வழிகாட்டியும் சொல்லாததைச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையலாகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறியவர் பலர் மாண்டதை வாலிபர்கள் நினைவில் வைக்கவும்.

வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கூடுகிறோம். கட்டுச்சோறும், துணிப்பையும், போர்வையும் அவரவர் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். பஸ் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் கோவில்பிள்ளையிடம் தனியே சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது. பூப் பறிக்கும் அந்தத் தாய் பேரனோடு பெயர் கொடுத்திருக்கிறார். ஜன்னலோர இடம் அவருக்கு. கேள்வி கேட்ட வாலிபர் இன்னும் யோசிக்கிறாராம்.