வேலி விழுந்த பின்

சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வீட்டிற்கு வந்தான். வயது பத்தொன்பது, கல்லூரியில் பயில்கிறான். நண்பர்கள் நால்வர் ஒரு மகிழுந்தில் நெடுந்தொலைவு சென்று, கடற்கரையில் நடைபெறும் திறந்தவெளி இசைவிழாவைக் கேட்டு, இரண்டு இரவு அங்கேயே கூடாரமடித்துத் தங்கத் திட்டமிட்டிருந்தனர். தந்தை இசையவில்லை. "நீங்கள் ஒரு சொல் சொன்னால் அப்பா கேட்பார், ஐயா" என்றான். சற்று நேரம் தலைகுனிந்திருந்து, "எங்களை யாரும் மேய்க்காத இரண்டு நாள் வேண்டும், ஐயா. அப்படிக் கேட்பது தவறா?" என்று வினவினான்.

அவ்வினாவிற்கு நான் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. வேலி என்பது பயிரைக் காக்கவும் உண்டு. மாட்டை அடைக்கவும் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் இடுகின்ற வேலி இவ்விரண்டில் எவ்வகை? அவ்வேலியை ஒருநாள் எடுத்துவிட்டால் உள்ளிருந்தவர் என்ன ஆவார்? ஆசிரியத் தொழில் புரியும் நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

இதனை எண்ணுந்தோறும் என் நினைவிற்கு வருவது 1969ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் நடைபெற்ற உட்ஸ்டாக் இசைவிழாவாகும். பெயர் உட்ஸ்டாக் ஆயினும், விழா நிகழ்ந்தது அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெத்தல் என்னும் சிற்றூரில். முதலில் வேறோர் ஊரில் நடத்த முற்பட்டனர். அவ்வூரார் தடை விதித்தனர். விழாத் தொடங்க ஒரு திங்களே இருந்த நிலையில், மேக்ஸ் யாஸ்கர் என்னும் பால்பண்ணையாளர் தம் நிலத்தை வாடகைக்குத் தர முன்வந்தார்.

காலம் குறுகியது. மேடையைக் கட்டி முடிப்பதா, வேலியையும் நுழைவாயிலையும் அமைத்து முடிப்பதா என்ற இக்கட்டு அமைப்பாளர்களுக்கு நேர்ந்தது. அவர்கள் மேடையைத் தேர்ந்தனர். ஏறத்தாழ 1,86,000 நுழைவுச்சீட்டுகள் முன்னரே விற்பனையாகியிருந்தன. வந்து சேர்ந்தவர்களோ நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள்! நண்பர் குழாங்களாய் மகிழுந்துகளிலும் சிற்றுந்துகளிலும் புறப்பட்டு வந்த இளைஞர்கள், சாலைகள் அடைபட்டுப் போகவே, வண்டிகளை வழியோரம் விட்டுவிட்டுப் போர்வையும் கூடாரமும் சுமந்து கால்நடையாக நடந்தனர். அரைகுறையாக நின்ற வேலி விழுந்தது. விழா அனைவருக்கும் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது.

மேய்ப்பார் யாருமற்ற மூன்று நாள்கள்! என் மாணவன் வேண்டிய அந்த நிலை, நான்கு இலட்சம் பேருக்கு ஒருசேரக் கிட்டியது.

அக்கூட்டத்தின் தொடக்கத்தில் தமிழர் ஒருவர் மேடையேறிப் பேசினார் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. 1914ஆம் ஆண்டு கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரே அவர். இசையின் ஆற்றலைப் பற்றியும், அமெரிக்க இளைஞர் மனித குலத்திற்கு என்ன செய்ய வல்லவர் என்பதை உலகமே நோக்கியிருப்பதைப் பற்றியும் அவர் எடுத்துரைத்தார். இன்பம் துய்க்க வந்தவர்களிடம் அவர் பொறுப்பைப் பற்றிப் பேசினார் என்பது கருதத்தக்கது. அன்றிரவு பண்டிட் ரவிசங்கர் மழைக்கிடையே சித்தார் வாசித்தார்.

மழை பெய்தது, நிலம் சேறாயிற்று, உணவு தீர்ந்தது. இந்நிலையில் அக்கூட்டத்தைக் காத்தது எது? மான்டிசெல்லோ என்னும் அண்டை ஊரின் யூதர் சமூக நிலையத்துப் பெண்கள் ரொட்டிகளில் இறைச்சி வைத்து அடுக்கி அனுப்பினர். கன்னிமார் அவற்றைப் பகிர்ந்தளித்தனர். 'ஹாக் பார்ம்' என்னும் குழுவினர் பெரிய அடுப்புகள் மூட்டி, அரிசியும் காய்கறியும் ஓட்சும் சமைத்துப் பசித்தோர்க்கெல்லாம் வழங்கினர். ஒழுங்கு காக்கும் பணியும் அவர்களுடையதே. ஆங்கிலத்தில் 'போலீஸ்' என்பதற்கு மாறாக 'ப்ளீஸ்' என்று சொல்லைச் சற்றே திருப்பி, தங்களைத் 'தயவுசெய்து' படை என்று அழைத்துக்கொண்டனர். அக்கம்பக்கத்தார் சிலர் தாகத்தால் தவித்த இளைஞர்க்குத் தண்ணீரை விலைக்கு விற்றனர் எனக் கேட்ட யாஸ்கர், தம் பண்ணையில் தண்ணீர் இலவசம் என எழுதி வைத்தார். இவர் இளைஞரின் போக்கை ஏற்றவர் அல்லர்; பழமைப் பற்றுடைய குடியானவர். எனினும் தம் நிலத்திற்கு வந்தவர் தம் விருந்தினர் என்று கருதினார்.

வேலி விழுந்த பின் அவ்விடத்தைத் தாங்கி நின்றவர்கள் இத்தகையோரே. வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தாரல்லவா? அந்த ஒப்புரவு, தமிழறியாத ஒரு நாட்டில், சேற்று நிலத்தில் அடுப்பாக எரிந்தது.

ஆயினும் அந்நாள்களைப் பொற்காலமாகப் புனைந்துரைக்க எனக்கு மனமில்லை. போதைப் பொருள் அங்கு மலிந்திருந்தது. அதனால் ஓர் உயிர் மாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் டிராக்டரின் கீழ் அகப்பட்டு இறந்தான். கூட்டம் கலைந்தபின் பச்சைப் புல்வெளி கிடந்த கோலம், ஈரப் போர்வைகளும் குப்பைகளும் நிறைந்த சேற்றுக்காடு! சேவை செய்தவர் சில நூற்றுவர். அச்சேவையின் நிழலில் மகிழ்ந்தவர் சில நூறாயிரவர். "சுதந்திரமாக இருந்தோம்" என்று பின்னாளில் பெருமை பேசியோருள் எத்தனை பேர், தாம் உண்ட சோற்றைச் சமைத்த கைகளை எண்ணிப் பார்த்திருப்பர்?

அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்னும் பந்தயத் திடலில் மற்றோர் இலவச இசைவிழா நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் திரண்டனர். மேடையருகே காவலுக்கு நின்றவர்கள் முரட்டு மோட்டார் சைக்கிள் குழுவினர். 500 டாலர் மதிப்புள்ள பீர் அவர்களுக்குக் கூலி என்பர். தயவுசெய்து என்னும் சொல் அங்கே எழவில்லை, தடிகள் எழுந்தன. பதினெட்டு வயதுக் கருப்பின இளைஞர் ஒருவர் மேடைக்கு அருகிலேயே குத்திக் கொல்லப்பட்டார். வேலியற்ற இடத்தில் அன்பு இல்லையேல் முரட்டுக் கை அரசாளும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இவ்விரு விழாக்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கட்டு நீங்குவது விடுதலையின் பாதியே. நீங்கிய கட்டு செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்னும் வினாவிற்கு, "நான்" என்று ஒருவன் விடை சொல்லும்போதுதான் மறுபாதி நிறைவுறுகிறது. ஆசிரியர் வெளியே சென்றபின் வகுப்பறை எவ்வாறு இருக்கிறது என்பதைக் கொண்டே அவ்வகுப்பை நாம் மதிப்பிடுகிறோம். அங்கு எல்லா மாணவரும் அமைதியாக இருப்பதில்லை. அழுகின்ற சிறுவனின் அருகே எழுந்து சென்று அமரும் ஒரு மாணவி இருந்தால், அவ்வகுப்பிற்கு நாம் கற்பித்தது வீண்போகவில்லை.

இவ்வாறு எழுதும் எனக்கும் ஒரு கடன் உண்டு. 1991ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த நாள்களில், நாங்கள் ஐவர் ஒரு பழைய மகிழுந்தில் பெந்தோங், தெமெர்லோ வழியாகக் கிழக்குக் கரைக்குச் சென்றோம். கடற்கரையில் ஓர் இசை நிகழ்ச்சி. இரவு முழுவதும் பாட்டும் சிரிப்பும். விடியலில் நான் கூடாரத்திற்கு வெளியே வந்தபோது, மலாய் மூதாட்டி ஒருவர் நாங்கள் எறிந்த புட்டிகளையும் தாள்களையும் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்ததைக் கண்டு புன்னகை செய்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. நான் போய் உதவியிருக்கலாம். வெட்கம் தடுத்தது, மீண்டும் கூடாரத்திற்குள் நுழைந்து உறங்குவதுபோலப் படுத்துக்கொண்டேன். நாளைய ஆசிரியன்! அக்காலை என் நெஞ்சைவிட்டு இன்றும் அகலவில்லை.

மறுநாள் மாணவனின் வீட்டிற்குச் சென்றேன். தந்தை என்னை அமரச் செய்து, "இவன் கெட்டுப்போவான் என்று நான் அஞ்சவில்லை, ஐயா. ஏதாவது நேர்ந்தால் அங்கே யார் இருப்பார்? அதுதான் என் கவலை" என்றார். மகனை நோக்கினேன். "தம்பி, அப்பா கேட்ட வினாவை நானும் கேட்கிறேன். உங்களுள் வண்டியோட்டுபவர் யார்? அவர் மதுவைத் தொடாதிருப்பாரா? ஒருவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் விழித்திருப்பவர் யார்? புறப்படும்போது அந்த மணலைத் துப்புரவு செய்பவர் யார்?" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. மூதாட்டியின் கதையை அவர்கள் இருவருக்கும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு தாளைத் தந்தையிடம் கொடுத்தான் என்று அறிந்தேன். நால்வரின் பெயர்களும் அவரவர் பொறுப்பும் அதில் எழுதப்பட்டிருந்தன. வண்டியோட்டுதல், விடியற்காலைத் துப்புரவு ஆகிய இரண்டின் எதிரிலும் அவன் பெயரே இருந்தது. தந்தை அத்தாளை இருமுறை படித்துவிட்டு, உள்ளே சென்று ஒரு கைவிளக்கை எடுத்து வந்து மகனிடம் கொடுத்தாராம்.

அவர்கள் சென்று வந்தனர். தாளில் எழுதியவாறெல்லாம் நடந்தார்களா என்று நான் கேட்கவில்லை. தந்தையும் கேட்கவில்லை என்று கேள்வி. கேட்டிருந்தால் அது மீண்டும் ஒரு வேலியாகியிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, நாம் இடும் வேலிகள் அனைத்தும் ஒருநாள் விழவே செய்யும், விழவும் வேண்டும். அந்நாளில் நம் மாணவர் குனிந்து பொறுக்குபவராக இருப்பரா, கூடாரத்திற்குள் ஒளிந்துகொள்பவராக இருப்பரா என்பதை, வேலி நிற்கும் இந்நாள்களிலேயே நாம் அவர்களோடு பேசியாக வேண்டும்.