அம்மியும் தாடையும்

கடைசியாக முளைக்கும் ஞானப்பல் இன்று பலருக்கு இடம் கிடைக்காமல் ஈறுக்குள்ளேயே சாய்ந்து கிடக்கிறது. முன்வரிசையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெற்றுப்பல் ஆகின்றன. பல் பெரிதாகிவிடவில்லை, அதைத் தாங்கும் தாடைதான் சிறுத்துவிட்டது. மனிதன் கண்டுபிடித்த கற்கருவிக்கும் நெருப்புக்கும் பானைக்கும் அதில் பெரும் பங்குண்டு.

1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோடு 17 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மனித இனத்தின் பக்கக் கிளை ஒன்றைச் சேர்ந்த அதன் கடைவாய்ப் பற்கள் அம்மிக்கல் போல அகன்றவை. ஏறத்தாழ அதே காலத்தில் வாழ்ந்த ஹோமோ எரக்டஸ் என்னும் தொல்மனிதருக்கோ பல்லும் தாடையும் சிறியவை. வாய் செய்த வேலையில் ஒரு பகுதியைக் கை எடுத்துக்கொண்டதே இதற்குக் காரணமாக இருக்கலாம். 2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கேத்ரின் ஜிங்க், டேனியல் லீபர்மன் இருவரும் இதை அளந்து பார்த்தார்கள். உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, அதைக் கற்கருவியால் அரிந்து, கிழங்கையும் இடித்துத் தின்றால், மெல்லும் தடவை 17 சதவீதமும் மெல்லும் விசை 26 சதவீதமும் குறையும் என்று கணக்கிட்டார்கள். இது சமைக்காத உணவுக்கான கணக்கு. நெருப்பு வந்தபின் வேலை இன்னும் குறைந்தது.

இந்த மாற்றம் முழுவதையும் பரம்பரையின் கணக்கில் எழுதிவிடுவது தவறு. பல்லின் அளவைப் பெரும்பாலும் மரபணு முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. தாடை எலும்பு அப்படியல்ல. வளரும் வயதில் மெல்லும் அழுத்தத்துக்கு ஏற்ப அது தடிக்கிறது, நீள்கிறது. ஹைராக்ஸ் என்னும் சிறு விலங்குகளுக்குச் சமைத்த மெல்லுணவு கொடுத்து வளர்த்தபோது, முகத்தின் கீழ்ப்பகுதி சுமார் 10 சதவீதம் குறைவாகவே வளர்ந்தது. ஆக, குழையக் குழைய வேகவைத்துக் கடைந்த சோற்றிலேயே வளரும் பிள்ளையின் முகத்தில், பல லட்சம் ஆண்டுக் கதையின் ஒரு பகுதி மறுபடியும் நிகழ்கிறது. கரும்பைக் கடித்து, பொரிவிளங்காய் உருண்டையைப் பல்லால் உடைத்துத் தின்னும் பழக்கம் தாடைக்கு எவ்வளவு பெரிய பயிற்சி என்பதை வீடுகள் கவனிப்பதில்லை. தெற்றுப்பல்லைப் பார்த்ததும் தாத்தாவின் சாயல் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பிறகு பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம். ஒரு கண்டுபிடிப்பு நெருக்கியதை இன்னொரு கண்டுபிடிப்பு இழுத்து வரிசைப்படுத்துகிறது.

உணவின் மென்மை பேச்சையும் தொட்டிருக்கலாம். கடினமான உணவு உண்டவர்களின் பற்கள் தேய்ந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் நுனியோடு நுனி பொருந்தின. மெல்லுணவு உண்போரிடம் மேற்பல் சற்றே முன்தள்ளி நிற்கிறது. அதனால் மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஒலிப்பது எளிதாகிறது. இத்தகைய ஒலிகளுக்கும் உணவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட் 1985-இல் எழுதினார். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு அக்கருத்துக்கு வலுச் சேர்த்தது: வேட்டையாடி வாழும் மக்களின் மொழிகளில் இவ்வகை ஒலிகள், உழுது உண்போர் மொழிகளில் உள்ளவற்றில் ஏறத்தாழ கால் பங்குதான். இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. பல்லும் உதடும் கூடுமிடத்தில் வகரம் பிறப்பதாகத் தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. ஆய்வு சரியென்றால், வாய் என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் உலையில் வெந்த சோற்றுக்கும் உறவு உண்டு.